ஃபார்முலா கார் ஸ்பான்சர் பேக்கேஜ்: ஆர்டர் குறைந்த வருஷத்தில் வாங்கலாமா?

பந்தய சீசனுக்கு முன்னால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளின் மெயிலுக்கு வந்து விழும் பிடிஎஃப் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. முதல் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய இளைஞர். நடுவில் லட்சங்களில் பார்வையாளர் கணக்கு. கடைசிப் பக்கத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று விலை. விற்பனைக்கு வந்திருப்பது, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை ஃபார்முலா காரின் மேல் கொஞ்சம் இடம், டிரைவரின் உடையில் கொஞ்சம் இடம், இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் நாலைந்து பாஸ், சமூக ஊடகத்தில் சில பதிவுகள்.

இதை ஒரு பொருளாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறோம். எந்த அணியின் பேக்கேஜ் என்பது இங்கே முக்கியமில்லை; கட்டமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். கேள்வி காலத்தைப் பற்றியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50% வரி போட்டபோது, அமெரிக்க பயரை (வாங்கும் கம்பெனியை) நம்பியிருந்த தோல், காலணி யூனிட்டுகளில் விளம்பரச் செலவுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சம்பளத்தை நிறுத்த முடியாது, கரண்ட் பில்லை நிறுத்த முடியாது, பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பங்கை நிறுத்தவே முடியாது. ஸ்டிக்கரை நிறுத்தலாம். பந்தய உலகின் பலவீனம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிடிஎஃப்பில் உள்ளபடியே வாங்கினால் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். கீழே சொல்லும் மாற்றங்களைப் பேசி வாங்கினால் மூன்றரை.

காரின் மேல் கிடைக்கும் இடம்

திறந்த சக்கரக் காரில் கதவு இல்லை, பானெட் இல்லை, கூரை இல்லை. ஆகவே இடம் குறைவு. இருக்கும் இடமும் வளைவு. பக்கவாட்டு சைட்பாட், இன்ஜின் கவர், மூக்கு, முன் பின் விங்குகள், அவற்றின் ஓரத் தகடான எண்ட்பிளேட், டிரைவர் தலைக்கு மேல் வரும் பாதுகாப்பு வளையமான ஹேலோ. இவ்வளவுதான். இதிலும் கார் எண், போட்டித் தொடரின் பெயர், டயர் கம்பெனி பெயர் ஆகியவற்றுக்கு அமைப்பாளர் இடம் பிடித்து வைத்திருப்பார். எல்லாக் கார்களையும் அமைப்பாளரே வைத்துக்கொண்டு டிரைவர்களுக்கு வாடகைக்கு விடும் தொடர்களில், டிரைவரின் ஸ்பான்சருக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று துண்டு மட்டுமே. பிடிஎஃப்பில் கார் முழுக்க உங்கள் பெயர் மின்னும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து மூன்று வரைபடம் மில்லிமீட்டர் அளவோடு கேளுங்கள். ஒதுக்கப்பட்ட இடங்களை அதிலேயே நிறம் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எழுத்தின் அளவு அடுத்த பிரச்சினை. போர்டு எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க 1 அங்குல உயர எழுத்து வேண்டும். கேலரிக்கும் டிராக்குக்கும் இடையே 50 மீட்டர் என்றால் 164 அடி. எழுத்து 16 அங்குலம் இருக்க வேண்டும். சைட்பாடில் அவ்வளவு உயரமே கிடைக்காது. போதாக்குறைக்குக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கேலரியில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பெயரைப் படிப்பார் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். படிப்பது கேமராவும், அந்தப் படத்தைப் பிறகு பார்ப்பவரும்தான்.

அதனால் இடத்தைக் கேமராவுக்குத் தகுந்த மாதிரித் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவர் தலைக்குப் பின்னால் பொருத்தும் கேமரா முன்னோக்கிப் பார்க்கும்; அதில் ஹேலோ, மூக்கின் மேற்பரப்பு, முன் விங்கின் மேல்பக்கம் மூன்றும் பந்தயம் முழுக்கத் தெரியும். சைட்பாட் அதில் வரவே வராது. நின்ற காரைப் பக்கவாட்டில் எடுக்கும் புகைப்படத்துக்கு சைட்பாடை விடச் சிறந்த இடம் இல்லை. வீடியோவுக்கு எது, புகைப்படத்துக்கு எது என்று தீர்மானிக்காமல் 'பெரிய இடம்' என்பதற்காக அதிக விலை கொடுப்பவர்கள் அதிகம். ஹேலோவில் ஒரு சிறு பட்டை, டிரைவரின் மார்பில் ஒரு பேட்ச். எங்கள் கணக்கில் சிறிய பட்ஜெட்டுக்கு இந்த இரண்டும் போதும்.

ஸ்டிக்கர் வேலை

பெரும்பாலான பேக்கேஜ்களில் ஸ்டிக்கர் செலவு சேர்ந்திருக்காது. 'டிசைன் நீங்கள் கொடுத்தால் நாங்கள் ஒட்டிக்கொள்வோம்' என்பார்கள். வேலூரில் ஃபிளெக்ஸ் கடைக்குக் குறைவில்லை, ஆனால் பேனருக்கும் கடைக் கண்ணாடிக்கும் ஒட்டும் சாதாரண வினைல் இந்த வேலைக்கு ஆகாது. அது உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கிய 'காலண்டர்' வினைல். தடிமன் 80 முதல் 100 மைக்ரான். தட்டையான பரப்பில் நன்றாக இருக்கும். வளைவில் இழுத்து ஒட்டினால் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். இரண்டு நாளில் ஓரம் எழும்பும். பந்தயக் காருக்கு வேண்டியது திரவமாக ஊற்றி உலர்த்திய காஸ்ட் வினைல், சுமார் 50 மைக்ரான். விலை கூடுதல், வேறு வழியில்லை.

ஒட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பரப்பில் மெழுகு பாலிஷ், பிரேக் தூசி, விரல் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து துடைத்து, அது தானாகக் காய்வதற்கு முன் வேறு துணியால் உலர்த்த வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்குவீஜி (தேய்க்கும் பட்டை) போட வேண்டும். பள்ளத்திலும் மடிப்பிலும் ஒட்டி முடித்த பிறகு ஹீட் கன்னால் மறுபடி சூடு காட்டினால்தான் வினைல் அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். எத்தனை டிகிரி என்பது அந்தந்த ரோலின் தயாரிப்பாளர் தாளில் இருக்கும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் முன்துண்டின் பின் ஓரம் பின்துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். மாற்றி ஒட்டினால் காற்று அந்த ஓரத்தைப் பிடித்து உரித்துவிடும். அக்னி நட்சத்திர நாளில் வேலூர் வெயிலில் ஷெட்டுக்கு வெளியே ஒட்டினால், பரப்பின் சூட்டில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்; தூக்கி மறுபடி சரியாக வைக்க முடியாது. காலையில் ஒட்டுங்கள், அல்லது ஏசி அறையில்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கார்களில் முதல் வளைவிலேயே இடிபட்டு மூக்கும் முன் விங்கும் போவது சகஜம். அணியிடம் மாற்று மூக்கு இருக்கும். அதில் உங்கள் ஸ்டிக்கர் இருக்காது. அடுத்த பந்தயத்தில் கார் வெற்று மூக்கோடு ஓடும். மேடை ஏறினால் அந்தப் படம்தான் பத்திரிகையில் வரும். மூக்கு, முன் விங், எண்ட்பிளேட் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் அச்சடித்து, மாற்று மூக்கிலும் சீசன் தொடங்கும் முன்பே ஒட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். செலவு சில ஆயிரம்தான்.

டிரைவர் உடையில் பேட்ச் தைப்பது இன்னும் நுணுக்கம். அந்த ஓவரால், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8856-2018 தரச் சான்று பெற்ற, தீயைத் தாங்கும் பல அடுக்கு உடை. எம்பிராய்டரி மேல் அடுக்கில் மட்டுமே போட வேண்டும். எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் இடையில் உள்ள காற்று இடைவெளி போய், வெப்பத் தடுப்பும் போய்விடும். பேட்ச்சின் பின்துணியும் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். நூலுக்கும் அதே கவனம் தேவை. ஊரில் யூனிஃபார்முக்கு லோகோ போடும் கடையில் பாலியெஸ்டர் நூலில் தைத்துக் கொடுத்தால், உடைச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். இதே காரணத்தால், 'நம்மிடம் இல்லாத ஷூவா, டிரைவருக்கு நாமே தைத்துக் கொடுத்துவிடுவோம்' என்று ஆம்பூர்க்காரர் சொல்வதும் நடக்காது. ஷூவும் கையுறையும் அதே 8856-2018 சான்றுக்குள் வருபவை. சான்று வாங்கிய தயாரிப்பாளருக்கு மெல்லிய ஸ்வேட் தோல் சப்ளை செய்யும் வாய்ப்பு வேறு கதை. அது வியாபாரம், ஸ்பான்சர்ஷிப் அல்ல.

மந்தம் வரும்போது எங்கே உடைகிறது

மேலே சொன்னதெல்லாம் நல்ல காலத்திலும் இருக்கும் குறைகள். பணம் வற்றும் காலத்தில் இந்தப் பொருள் எப்படிக் கெடுகிறது என்பதற்கு ஃபார்முலா ஒன் வரலாற்றை விடத் தெளிவான பாடம் கிடையாது.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால். அதே வருஷம் டிசம்பர் 5 அன்று ஹோண்டா விலகுவதாக அறிவித்தது. அந்த அணியை அதன் தலைவராக இருந்த ராஸ் பிரான் பெயரளவு விலைக்கு எடுத்து நடத்தினார். 2009 சீசனைக் கார் ஏறக்குறைய வெற்று வெள்ளையாகத் தொடங்கியது, ஸ்பான்சர் பெயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தக் காரே டிரைவர் பட்டத்தையும் அணிப் பட்டத்தையும் வென்றது என்பது வேடிக்கை. ரெனோவின் பெரிய ஸ்பான்சர் ஐஎன்ஜி, வில்லியம்ஸின் ஆர்பிஎஸ் இரண்டும் அரசுப் பணத்தில் மீட்கப்பட்ட வங்கிகள். இரண்டும் 2009 பிப்ரவரியில் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டன. மக்கள் வரிப்பணத்தில் பிழைத்த வங்கி ரேஸ் கார் மேல் பெயர் போட்டால் அரசியல்வாதி விடுவாரா? ஜூலையில் பிஎம்டபிள்யூ, நவம்பரில் டொயோட்டா. அதே நவம்பரில் பிரிட்ஜ்ஸ்டோனும் 2010க்குப் பிறகு டயர் தருவதில்லை என்றது.

பிறகும் இதே கதைதான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனம் கவிழ்ந்தபோது, மெர்சிடிஸ் காரிலிருந்த பெயர் சாவ் பாலோ பந்தயத்துக்குள் காணாமல் போனது. 2020 கொரோனாவில் வில்லியம்ஸ் அணி தன் தலைமை ஸ்பான்சரோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, சில மாதத்தில் அணியையே விற்றது. ஒரு அணியின் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு 17.5 கோடி டாலர் என்று முன்பு முடிவாகியிருந்ததை 2021க்கு 14.5 கோடி டாலராக இறக்கினார்கள்.

நம் நாட்டுப் பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. 2011 அக்டோபரில் சஹாரா, ஃபோர்ஸ் இந்தியா அணியில் 42.5% பங்கை 10 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த வருஷமே அணியின் இன்னொரு முதலாளியான விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையில் நின்றன. 2018 ஜூலையில் அணி, திவால் நிலையில் நியமிக்கப்படும் நிர்வாகி கைக்குப் போனது. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று கிராண்ட் பிரீ, பிறகு இல்லை.

இதிலிருந்து கண்ணுக்குப் படும் ஒரு வேறுபாடு உண்டு. தன் பொருளே காரில் ஓடுகிறவர் கடைசிவரை நிற்கிறார். பெயரை மட்டும் ஒட்டியவர் முதலில் கிளம்புகிறார். இந்திய ஒற்றை இருக்கைப் பந்தயத்தை இத்தனை வருஷம் தாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்: டயர் செய்யும் எம்ஆர்எஃப், ஜேகே டயர், செயின் செய்யும் கோவை எல்ஜிபி. ஒருவர் கூட வங்கியோ கிரிப்டோவோ இல்லை. எம்ஆர்எஃப்பின் ஒரு தொழிற்சாலை நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு டிராக் என்பது விளம்பரப் பலகையும் சோதனைக் கூடமும் சேர்ந்தது. ஒரு கணக்கில் வெட்டினால் இன்னொரு கணக்கில் நஷ்டம். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஹோண்டா, டொயோட்டா, பிரிட்ஜ்ஸ்டோன் எல்லோரும் தங்கள் பொருளை ஓட்டியவர்கள்தானே? அங்கே பில் சோதனைக் கூடத்தின் தேவையை விட எத்தனையோ மடங்கு பெரிதாகிவிட்டது. உபயோகத்துக்கு மிஞ்சிய செலவு என்றால் உற்பத்தியாளரும் போய்விடுவார்.

இந்திய அணிக்கு இன்னொரு இடி உண்டு. சேஸிஸ், கியர்பாக்ஸ் பாகங்கள், பிரேக் எல்லாம் யூரோவிலும் டாலரிலும் வருபவை. மந்தத்தில் ரூபாய் சரிந்தால், ஸ்பான்சர் பணம் சுருங்கும் அதே மாதத்தில் செலவு ஏறும். இதில் நம் ஏற்றுமதியாளருக்கு ஒரு அனுகூலம்: அவர் வரவு டாலரில். ஆர்டர் நிற்காமல் ரூபாய் மட்டும் சரிந்தால், உள்ளூர் நகைக்கடையை விட அவர் கை பலமாக இருக்கும். வரியால் ஆர்டரே குறைந்தால் அந்த அனுகூலமும் போச்சு. எது நடக்கிறது என்று உங்கள் ஷிப்மென்ட் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

பணம் கொடுக்கும் முறை

பிடிஎஃப்பில் 'ஒப்பந்தம் கையெழுத்தானதும் முழுத் தொகை' அல்லது பாதிக்குப் பாதி என்று இருக்கும். இதை ஏற்கவே கூடாது. கணக்குக்காக ஆறு லட்சம் ரூபாய் பேக்கேஜ், சீசனில் ஐந்து சுற்று (ஐந்து பந்தய வார இறுதி) என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கர், உடை, மாற்று செட் வேலைக்காக முதலில் ஒரு லட்சம். மீதி ஐந்து லட்சத்தைச் சுற்றுக்கு ஒரு லட்சமாக, ஒவ்வொரு சுற்றும் முடிந்து படங்கள் கைக்கு வந்த ஏழு நாளில். கார் அந்தச் சுற்றில் ஓடவில்லை என்றால் அந்த ஒரு லட்சம் இல்லை. அணிக்காரர் முகம் சுளிப்பார். சுற்றுக்கு முன் டயருக்கும் பெட்ரோலுக்கும் அவருக்கு ரொக்கம் வேண்டும். அப்படியானால் பாதியைச் சுற்றுக்கு ஒரு வாரம் முன்பு, பாதியைப் பின்பு என்று இறங்கி வரலாம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

சுற்று நடக்காமல் போவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடல் தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. ஹைதராபாதில் 2023 பிப்ரவரியில் நடந்த மின்கார் பந்தயமான ஃபார்முலா ஈ, மாநிலத்தில் ஆட்சி மாறிய பிறகு 2024க்கு ரத்தானது. தள்ளிப்போனால் பணம் என்னாகும், இடம் மாறினால் என்னாகும், கேலரியில் ஆளில்லாமல் நடந்தால் என்னாகும் என்று மூன்றுக்கும் தனித்தனி வரி எழுத வேண்டும். 'தவிர்க்க இயலாத சூழ்நிலை' என்ற ஒற்றை வரிக்குள் எல்லாவற்றையும் அடைத்திருப்பார்கள்.

அணியோடு ஒப்பந்தமா, டிரைவரோடு ஒப்பந்தமா? கஷ்ட காலத்தில் இந்தக் கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும். பணம் தீர்ந்த அணி, பணம் கொண்டுவரும் வேறு டிரைவரை உட்கார வைப்பது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். 2010இல் சென்னை கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்னில் ஹெச்ஆர்டி அணியில் முதல் பத்துப் பந்தயம் ஓட்டினார். அடுத்து வந்த ஜெர்மன் பந்தயத்தில் அந்த இருக்கையில் சகோன் யமமோட்டோ. நீங்கள் டிரைவரை நம்பிப் பணம் போட்டு, ஒப்பந்தம் அணியின் பெயரில் இருந்தால், உங்கள் ஸ்டிக்கர் வேறொருவர் ஓட்டும் காரில் போகும். டிரைவர் மாறினால் எங்கள் விருப்பப்படி விலகலாம், ஓடாத சுற்றுக்குப் பணம் இல்லை என்ற வரி அவசியம். தலைமை ஸ்பான்சர் விலகினாலும் இதே உரிமை கேளுங்கள். தேர் நிலைக்கு வருமா என்று தெரியாதபோது வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்ன ஸ்பான்சர்தான்.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பான்சர் சேவைக்கு ஜிஎஸ்டி 18%. 2025 ஜனவரி 16 முதல், விற்கும் அணி கம்பெனியாக இருந்தால் அவர்களே பில்லில் வரி போட்டு வாங்குவார்கள். டிரைவர் தனிநபராக விற்று, வாங்குபவர் கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால், அந்த 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்கள் கட்ட வேண்டும். மேற்சொன்ன ஆறு லட்சத்துக்கு 1,08,000. பிறகு உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். எல்யுடியில் (உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமல்) ஏற்றுமதி செய்பவர் ரீஃபண்டும் கேட்கலாம். ஆனால் ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் முடங்கும், கையில் ரொக்கம் இல்லாத வருஷத்தில் அதுவும் ஒரு செலவு. பெயர் விளம்பரத்துக்கான தொகை என்பதால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும்: தனிநபருக்கு 1%, கம்பெனிக்கு 2%. 'சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டிவிடலாம் சார்' என்று விற்பவர் சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள். தன் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் விதிகள் வெளிப்படையாக ஒதுக்குகின்றன.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பீடி கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை: புகையிலைப் பொருளின் பெயரைக் காட்டி ஸ்பான்சர் செய்வதையே 2003 புகையிலைச் சட்டம் தடுக்கிறது. அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டாம்.

ஒட்டிய பிறகு என்ன செய்வது

ஸ்டிக்கருக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அதைப் பயன்படுத்த இன்னொரு ரூபாய் ஒதுக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. அதை ஒதுக்க முடியாது என்றால் பேக்கேஜைப் பாதியாகக் குறைத்து வாங்குங்கள். பயருக்கு அனுப்பும் கேட்லாக்கிலும், பெட்டி மேலும், வெப்சைட்டிலும் கார் படத்தையும் டிரைவர் படத்தையும் போடும் உரிமை எழுத்தில் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து 12 மாதம் வரை செல்லும் என்றும் வேண்டும். பாஸை விட, பார்வை எண்ணிக்கையை விட இது பெரிய சொத்து. பிடிஎஃப்பில் ஒரு வரி கூட இதைப் பற்றி இருக்காது.

பிப்ரவரி வாக்கில் சென்னையில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சிக்குக் காரைக் கொண்டுவந்து ஸ்டாலில் நிறுத்தலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். நல்ல யோசனை. ஆனால் ஃபார்முலா 4 கார் நீளம் 4 மீட்டருக்கு மேல். 3க்கு 3 மீட்டர் ஸ்டாலில் நிற்காது. குறைந்தது இரண்டு ஸ்டாலைச் சேர்த்து எடுக்க வேண்டும். கார் தரையை ஒட்டி இருப்பதால் நீளமான சாய்தளம் உள்ள டிரெய்லர் வேண்டும். டேங்க் காலி, பேட்டரி கழற்றியது என்று மண்டப நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் அணியுடையதா உங்களுடையதா என்று கேளுங்கள்.

பாஸ் விஷயம் பரவாயில்லை. இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர் டிராக், 48ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், வாலாஜாவுக்குக் கிழக்கே சாலை வேலை நடக்கும் இடங்களுக்கு நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய பயர் ஊரில் இருக்கும் வாரம் பந்தயமும் இருந்தால் அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் கிடையாது. கேலரி பாஸ் வேண்டாம். அணிகளும் கார்களும் நிற்கும் பேடாக்குக்கான பாஸ் கேளுங்கள். காரைக் கிட்டே நின்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம்.

வேலூரிலேயே கிடைக்கும் மாற்று

இவ்வளவு தூரம் போகாமலே திறந்த சக்கரக் காருக்கு ஸ்பான்சர் செய்ய வழி இருக்கிறது. விஐடி மாணவர்களின் பிரவேகா ரேசிங், மின்காருக்கு ஓஜாஸ் ரேசிங் இரண்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் அணிகள். காரை அவர்களே வடிவமைத்துச் செய்கிறார்கள். பெட்ரோல் காருக்கு இன்ஜின் 710 சிசிக்குள், காற்று 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. இந்த மாணவர் அணிகள் மோதும் ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும். மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் வடிவமைப்பு 150, செலவு அறிக்கை 100, வணிகத் திட்டம் 75. ஆக மூன்றில் ஒரு பங்கு, கார் டிராக்கில் இறங்கும் முன்பே முடிவாகிறது.

இங்கே காசை விடப் பொருளுக்கும் வேலைக்கும் மதிப்பு அதிகம். ராணிப்பேட்டை சிப்காட்டில் சிஎன்சி வைத்திருப்பவர் 7075 அலுமினியத்தில் அப்ரைட்டும், இஎன்24 எஃகில் ஹப்பும் (இரண்டும் சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள்) கடைந்து கொடுக்கலாம். லேசர் கட்டிங், பவுடர் கோட்டிங் எதுவும் செல்லும். மெஷின் சும்மா நிற்கும் மந்த மாதத்தில் இதன் உண்மைச் செலவு மெட்டீரியலும் கரண்டும் மட்டுமே. திரும்பக் கிடைப்பது காரில் பெயர், அதைவிட முக்கியமாக, அடுத்த வருஷம் வேலைக்கு எடுக்கத் தகுந்த நாலு பேரை வேலை செய்யும்போதே பார்க்கும் வாய்ப்பு.

குறை இல்லாமல் இல்லை. டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு) எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் போட்டுக் கொண்டுவருவார்கள். பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் இறுக்கம், மற்றதற்குத் தளர்வு என்று முதல் நாளே திருத்த வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் மாற்றம் கேட்பார்கள். டிராயிங் முடக்கும் தேதியை எழுதி வாங்குங்கள். கேப்டன் படிப்பு முடிந்து போய்விடுவார். அடுத்த வருஷத்துக்காரருக்கு உங்கள் ஒப்பந்தமே தெரியாது, ஆகவே வழிகாட்டும் பேராசிரியரின் கையெழுத்தும் இருக்கட்டும். இலவசமாகக் கொடுத்ததாக எழுதினால் அந்தப் பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திரும்பக் கட்ட நேரிடும். விளம்பரத்துக்குப் பதிலாகக் கொடுத்தது என்று மதிப்புப் போட்டு இரண்டு பக்கமும் பில் எழுதுவது எப்படி என்று ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியுள்ள யூனிட், ஆர்டர் குறைந்த வருஷத்தில் தேசியத் தொடர் பேக்கேஜைத் தொட வேண்டாம். ஐரோப்பாவுக்கு சொந்தப் பிராண்டில் ஷூ, பெல்ட், ஜாக்கெட் அனுப்புபவர், ஹேலோ பட்டையும் மார்புப் பேட்ச்சும் மட்டும் சுற்றுக்கணக்கில் வாங்கலாம்; பட உரிமை இல்லாமல் வாங்கக் கூடாது. வேறு பிராண்டுக்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) மட்டும் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் யூனிட்டுக்கு ரேஸ் கார் மேல் பெயர் எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை; பயருக்கு ஏற்கனவே உங்கள் பெயர் தெரியும். சோளிங்கர், ராணிப்பேட்டை பக்கத்து வாகன உதிரிபாகக்காரர்களுக்கு மாணவர் அணிதான் சரி. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கே சப்ளையராக நுழைய நினைப்பவருக்கு, தான் கடைந்த ஹப் ஒரு எண்டூரன்ஸ் (நீண்ட தூர) ஓட்டம் முழுக்கத் தாங்கியது என்று கையில் எடுத்துக் காட்டுவது கோப்பை மேடைப் படத்தை விடப் பயன்படும்.

பிடிஎஃப் வந்ததும் மறுப்பதற்கு முன் ஒரு பதில் மெயில் போடலாம்: அளவோடு மூன்று வரைபடம், சுற்றுக்கணக்கில் பணம், டிரைவர் மாறினால் விலகும் உரிமை, மாற்று மூக்கிலும் ஸ்டிக்கர், 12 மாதப் பட உரிமை. இந்த ஐந்துக்கும் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். 'நேரில் வந்து விளக்குகிறோம்' என்று மட்டும் வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.